கட்டவிழ்ந்த நாக்கு

நாக்கு முளைக்கும்போதே தனியாக முளைப்பதில்லை. கரு உருவான நான்காவது வாரத்தில், வாயாகப் போகிற குழிவின் தரையில் சின்னச் சின்ன மேடுகள் எழும்புகின்றன. அவை வளர்ந்து, நெருங்கி, ஒன்றாகக் கூடி நாக்கின் உருவம் எடுக்கின்றன. அதற்குள் வந்து நிறையும் தசையின் பிறப்பிடமோ வாய் அல்ல. பிடரிப் பக்கத்தில் தோன்றி, தனக்குரிய நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு, கழுத்தைச் சுற்றி வாய்க்கு வந்து சேர்கிறது. நாக்கை அசைக்கும் நரம்பு இன்றும் மூளைத்தண்டின் அடியிலிருந்து அவ்வளவு தூரம் வளைந்து வருவது அந்தப் பழைய பயணத்தின் தடம்தான்.

வந்து சேர்ந்த நாக்கு முதலில் வாயின் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. அதை விடுவிக்க வேண்டும். படைத்தவன் அதற்குக் கையில் எடுத்த கருவி எது தெரியுமா? சாவு. நாக்குக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற செல்கள் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் தாமாகவே மடிகின்றன. மடிந்த இடம் பள்ளமாகிறது. பள்ளம் ஆழமாக ஆழமாக நாக்கின் நுனியும் ஓரங்களும் விடுபட்டு மேலே வருகின்றன. கையில் ஐந்து விரல்கள் பிரிவதும் இதே முறையில்தான். நாக்கின் அடியில், நடுவில் மட்டும், ஒரு சிறு மடிப்பு மிஞ்சுகிறது. கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கினால் உங்களுக்கே தெரியும்.

இந்த மடிப்பை மருத்துவ நூல்கள் வெகுகாலம் ஒரு நாடா என்றே எழுதிவந்தன. நாக்கையும் தரையையும் கட்டிவைத்திருக்கும் நாடா, வேலை முடிந்த பிறகும் அறுபடாமல் நின்றுபோன மிச்சம். 2019-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சேர்ந்த நிக்கி மில்ஸ் என்ற காது மூக்கு தொண்டை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இந்தப் பகுதியைப் பகுத்துப் பார்த்து வெளியிட்ட கட்டுரைகள் அந்த எண்ணத்தை மாற்றின. அங்கே தனி நாடா என்று ஒன்று இல்லை. கீழ்த்தாடையின் உள்வளைவு முழுக்கப் பற்றிக்கொண்டு, வாயின் தரை எங்கும் ஒரு மெல்லிய சவ்வு விரிந்திருக்கிறது. விரித்துக் கட்டிய பந்தல் துணியை நடுவில் கோல் வைத்துத் தூக்கினால் மடிப்பு விழுமே, அப்படித்தான் நாக்கு உயரும்போது இந்தச் சவ்வில் மடிப்பு எழுகிறது. நாக்கு தன் விருப்பத்துக்கு அசையவும் வேண்டும், அசைந்த பிறகு தன் இடத்துக்குத் திரும்பி நிலைகொள்ளவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இந்தச் சவ்வு நின்று சமன் செய்கிறது. மிச்சம் என்று நாம் ஒதுக்கியது ஓயாமல் வேலையில் இருந்திருக்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் இது ஒரே மாதிரி அமைவதில்லை. சிலருக்கு ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு, சிலருக்குத் தடித்த பட்டை. சிலருக்கு நாக்கின் நடுப்பகுதியோடு நின்றுவிடும், சிலருக்கு நுனிவரை வந்து பிடித்திருக்கும். நுனிவரை வந்த பிள்ளை அழும்போது பார்த்தால், நாக்கின் முனை மேலே எழாமல் நடுவில் இழுபட்டு, இருபக்கமும் இரண்டு மேடாகத் தெரியும். மருத்துவர்கள் இதை ‘டங் டை’ என்பார்கள். வீட்டில் ‘நாக்கு ஒட்டியிருக்கு’ என்பார்கள். கணக்கெடுத்தவர்கள் ஆளுக்கோர் எண் சொல்கிறார்கள். நூறு பிள்ளைகளில் நான்கு பேரிலிருந்து பத்துப் பேர் வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆண் பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதல். ஆனால் நாக்கு ஒட்டியிருக்கிற பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மற்றவர்கள் இருக்கிற நாக்கை வைத்துக்கொண்டே நன்றாகக் குடித்து வளர்ந்துவிடுகிறார்கள்.

சிரமப்படுகிற பிள்ளையின் வீட்டில் என்ன நடக்கும் என்பது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை வாயைத் திறந்து மார்பைப் பற்றும். கீழ் ஈறைத் தாண்டி முன்னே வந்து காம்புக்கு அடியில் விரிய வேண்டிய நாக்கு அங்கே வராது. அதனால் ஈறு நேரடியாகக் காம்பை நசுக்கும். சப்பும்போதெல்லாம் பிடி நழுவி ‘டக் டக்’ என்று சத்தம் வரும். முக்கால் மணி நேரம் மார்பிலேயே கிடந்தும் பசி அடங்காது. காம்பு வெளியே வரும்போது ஒருபக்கம் சீவிவிட்டாற்போல் தட்டையாக, வெளுத்துப் போயிருக்கும். இரண்டு நாளில் வெடிப்பு, மூன்றாம் நாள் ரத்தம். அடுத்த முறை பிள்ளை பசித்து அழும்போது பச்சை உடம்புக்காரியின் தோள் தானாக இறுகும்.

உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும். “பால் பத்தலைம்மா, அதான் புள்ள அழுவுது.” பூண்டு உரிக்கப்படும். பால்சுறாப் புட்டு வரும். எனக்குப் பால்சுறாவின் மேல் ஒரு கோபமும் இல்லை. அதைத் தேடி மீன்கடைக்கு அலைந்தவரின் அன்பு பெரியது. ஆனால் அந்த அலைச்சலுக்கு முன்னால் ஒருவர் பிள்ளையின் நாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். பால் போதவில்லை என்றால் பிழை தாயிடம் என்றே நம் நினைப்பு போகிறது. குடிக்கிறவருக்கும் அதில் பங்கு உண்டு என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்தப் பங்கு எவ்வளவு நுட்பமானது என்பதை மனிதன் கண்ணால் பார்க்கவே வெகுகாலம் ஆயிற்று. 1958-ல் ஆர்ட்ரன், கெம்ப், லிண்ட் என்ற மூவர் பால் குடிக்கும் குழந்தைகளை எக்ஸ்ரே கதிரால் சினிமாப் படம் எடுத்துப் பார்த்தார்கள். (இன்றைக்கு அப்படிச் செய்ய எந்த மருத்துவமனையும் விடாது.) நாக்கு முன்னிருந்து பின்னாக அலையாக அழுத்தி, காம்பிலிருந்து பாலைப் பிழிந்தெடுக்கிறது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். பாடப்புத்தகங்களும் அதை ஏற்றுக்கொண்டன. கேட்பவருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிறகு அல்ட்ராசவுண்ட் வந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில், டோனா கெடிஸும் அவருடைய சகாக்களும் பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் தாடைக்கு அடியில் கருவியை வைத்து வாய்க்குள் நடப்பதை நேரலையாகப் பார்த்தார்கள். காம்போடு சேர்த்து ஒரு மெல்லிய குழாயை வைத்து வாய்க்குள் உள்ள அழுத்தத்தையும் அளந்தார்கள். நாக்கு மேலே எழுந்து அழுத்தும்போதுதான் பால் பீச்சும் என்றல்லவா எதிர்பார்ப்பு? நடந்தது நேர்மாறு. நாக்கு கீழே இறங்கும்போதுதான் பால் வந்தது.

நாக்கு மேலே இருக்கும்போது உதடும் கன்னமும் அண்ணமும் சேர்ந்து வாயைக் காற்றுப் புகாமல் மூடுகின்றன. அப்போதே ஒரு சிறு வெற்றிடம் காம்பைப் பிடித்து வைத்திருக்கிறது. பிறகு தாடையும் நாக்கின் நடுப்பகுதியும் கீழே இறங்குகின்றன. இடம் விரிகிறது, காற்று உள்ளே வர வழியில்லை, வெற்றிடம் ஆழமாகிறது. அந்த நொடியில் காம்பு நீண்டு, அதனுள் இருக்கும் பால்நாளங்கள் அகன்று, பால் வாய்க்குள் பாய்கிறது. நாக்கு மறுபடி மேலேறும்போது பால் நின்று, தொண்டைப் பக்கம் நகர்கிறது. பெர்த்தில் அளந்த பிள்ளைகளிடம் வெற்றிடத்தின் உச்சம் சராசரியாக 145 மில்லிமீட்டர் பாதரசம். வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைப் பல் முளைக்காத ஒரு வாய் நொடிக்கு ஒரு தடவை குறைத்துக் காட்டுகிறது! 2014-ல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டேவிட் எலாட் குழுவினர் கணினியில் இதே நிகழ்வைக் கட்டமைத்துப் பார்த்தபோதும் பால் வருவது வெற்றிடத்தால்தான் என்றே வந்தது. அந்தப் பழைய மூவர் பார்த்த அலையும் பொய்யில்லை. நாக்கின் பின்பாதியில் அது ஓடத்தான் செய்கிறது, விழுங்குவதற்காக. முன்பாதி தாடையோடு சேர்ந்து ஒரே கட்டாக இறங்கி ஏறுகிறது. ஒரே தசைத்திரளின் இரண்டு பாதிகள் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கின்றன.

எலும்பு இல்லாத உறுப்புக்கு இது எப்படி முடிகிறது? நாக்கு முழுக்கத் தசை. அதன் கனஅளவு மாறாது. அதனால் ஒரு திசையில் குறுகினால் இன்னொரு திசையில் நீண்டே ஆக வேண்டும். யானையின் துதிக்கையும் ஆக்டோபஸின் கையும் இதே சட்டத்தில் இயங்குபவை என்று கீர், ஸ்மித் என்ற இரு உயிரியலாளர்கள் 1985-ல் விளக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை. யானைக்கன்று தாயிடம் பால் குடிக்கும்போது அந்தப் பேர்பெற்ற துதிக்கையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வாயால்தான் குடிக்கும். குடிப்பதற்கென்று வாய்த்தது அதற்கும் நாக்குதான்.

இதோடு மூச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால் நன்றாக இறங்குகிற நேரத்தில் பிள்ளை ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை சப்புகிறது. விழுங்கும் ஒவ்வொரு தடவையும் மூச்சை அரை நொடி போல நிறுத்தி, மறுபடி விடுகிறது. பாலும் காற்றும் ஒரே சந்திப்பைக் கடந்துதான் போக வேண்டும். முகத்துக்கும் தொண்டைக்கும் நாக்குக்கும் போகிற ஐந்து சோடி மூளை நரம்புகள் இந்த வரிசையைக் காத்து நிற்கின்றன. கருவில் 12 வார அளவில் விழுங்கத் தொடங்கும் பிள்ளைக்கு, சப்பி, விழுங்கி, மூச்சு விடும் இந்த மூன்றையும் கோத்துச் செய்ய 34 வாரம் போல ஆகிறது. குறைமாதப் பிள்ளைக்குக் குழாய் வழியாகப் பால் கொடுப்பது இதனால்தான். நமக்கு ஒரு மிடறு தண்ணீர் தப்பினாலும் புரையேறுகிறது. இந்தப் பச்சைப் பிள்ளை ஒரு நாளில் எத்தனை மிடறு விழுங்குகிறது என்று யோசித்தால் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

இவ்வளவும் நாக்கு கீழே இறங்குவதையும் மேலே ஏறுவதையும் நம்பி நடக்கிறது. அந்த இறக்கத்தையும் ஏற்றத்தையும்தான் இறுகிய மடிப்பு தடுக்கிறது.

அதை நறுக்கிவிடும் யோசனை மிகப் பழையது. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் லத்தீனில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், பிறவியிலேயே கட்டுண்ட நாக்கைப் பற்றி ஏழாம் பாகத்தில் எழுதியிருக்கிறார். நாக்கைப் பிடித்துத் தூக்கி, அடியிலுள்ள சவ்வை அறுக்க வேண்டும், பக்கத்து ரத்தக் குழாய்களில் கை பட்டுவிடக் கூடாது என்று முறை சொல்கிறார். அதோடு நிற்காமல், அறுத்த பிறகு நாக்கு பல்லைத் தாண்டி நன்றாக வெளியே நீண்டும் பேச்சு வராமலே போன ஒருவரைத் தமக்குத் தெரியும் என்றும் சேர்க்கிறார். வெற்றிக் கதைகளின் நடுவில் அந்த ஒருவரை மறைக்காமல் எழுதிய நேர்மைக்காகவே எனக்குச் செல்சஸைப் பிடிக்கும். அவர் பேசியது பேச்சைப் பற்றி. பாலுக்கும் அந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

இன்று செய்வதும் பெரும்பாலும் அதே வேலைதான். முதல் சில வாரங்களில் என்றால் மயக்க மருந்து தேவைப்படாது. பிள்ளையைத் துணியில் இறுகச் சுற்றி, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் இரண்டு விரலால் நாக்கைத் தூக்கி, முனை மழுங்கிய கத்தரியால் சவ்வை நறுக்குவார். மடிப்பின் இருபுறமும் உமிழ்நீர்க் குழாய்களின் வாய்கள் இருக்கின்றன, நாளங்கள் ஓடுகின்றன. அவற்றைத் தொடாத கை வேண்டும். பிறந்ததும் போட வேண்டிய வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று கத்தரியை எடுக்கும் முன் கேட்பது நல்ல வழக்கம். லேசரும் வந்திருக்கிறது. செலவு கூடுதல் என்பதைத் தவிர, கத்தரியைவிட அது மேல் என்பதற்குச் சான்று இல்லை. நறுக்கி முடித்ததும் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிடுவார்கள். முதல் மருந்து மார்புதான்.

அந்த முதல் சில நிமிடங்களில் படைப்பின் ஏற்பாடு எத்தனை அடுக்காக வேலை செய்கிறது பாருங்கள்! சப்பும்போது நாக்கு வெட்டின் மேல் அழுந்துகிறது. கசியும் சில துளி ரத்தம் சீக்கிரமே நின்றுவிடுகிறது. பாலின் இனிப்பும் தாயின் தோல் சூடும் வலியைத் தணிக்கின்றன. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே தடுப்பூசி போட்டால் பிள்ளை குறைவாக அழுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அந்தப் பாலிலேயே கிருமியின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் இருக்கிறது. கிருமிக்கு இரும்புச்சத்து கிடைக்காமல் செய்யும் லாக்டோஃபெரின் இருக்கிறது. சவ்வுகளின் மேல் படிந்து காவல் நிற்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கின்றன. தோல் செல்களை வளரத் தூண்டும் காரணிகளும் இருக்கின்றன. நாவுக்கு அடியில் ஆறாத புண்ணோடு இருக்கும் பிள்ளை ஒவ்வொரு முறை பசியாறும்போதும் அந்தப் புண் இதனால் கழுவப்படுகிறது.

ஓரிரு நாளில் வெட்டிய இடத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சாய்சதுர வடிவில் ஒரு திட்டு தெரியும். சீழ் என்று பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. வாய்க்குள் புண் ஆறும் நிறம் அதுதான். ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பிள்ளை பால் குடிக்கவே மறுத்தாலோதான் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஆறுகிற புண்ணை விரலால் நாளுக்குப் பலமுறை இழுத்துத் தேய்க்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து. 2024-ன் அமெரிக்க அறிக்கை இதைப் பரிந்துரைக்கவில்லை. எனக்கும் அது உவப்பாக இல்லை. வாய்க்குள் வருகிற எதுவும் வலிக்கும் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டால், பிறகு மார்பு வந்தாலும் வாயை மூடிக்கொள்ளும்.

இனி நடப்பதுதான் எனக்குக் கத்தரியைவிடப் பெரிய ஆச்சரியம். கட்டு அவிழ்ந்துவிட்டது, ஆனால் அவிழ்ந்தது நாக்குக்குத் தெரியாது. கருவிலேயே, மாதக்கணக்காக, கட்டுண்ட நாக்கை வைத்துக்கொண்டே பனிக்குடநீரை விழுங்கிப் பழகிய பிள்ளை அது. பிறந்த பிறகும் தாடையை இறுக்கி, ஈறால் நசுக்கி, கிடைத்ததைக் குடிக்க ஒரு குறுக்குவழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பழக்கம் ஒரே நறுக்கில் போய்விடாது. சில பிள்ளைகள் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்த கணமே ஆழப் பிடித்துக் குடிக்கும். தாய் வலியில்லாமல் நிமிர்ந்து பார்ப்பாள். வேறு சில பிள்ளைகளோ முதல் சில நாட்களில் முன்னைவிடத் தடுமாறும். புதிதாகக் கிடைத்த நாக்கு வாய்க்குள் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் அலையும். அப்போது தாய்மார் மனம் உடைந்துபோய் வெட்டியது வீண் என்று நினைத்துவிடுகிறார்கள். வீண் இல்லை. நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ பழக வேண்டிய பாடம் அது.

பாடம் சொல்லித்தர வெளியிலிருந்து ஆசிரியர் வர வேண்டியதில்லை என்பதுதான் அதிசயம். பிள்ளைக்குள்ளேயே அது எழுதப்பட்டிருக்கிறது. தாய் சற்றுச் சாய்ந்து படுத்து, துணியில்லாமல் பிள்ளையை மார்பின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டால், அது தலையை ஆட்டி, முகர்ந்து, தவழ்ந்து தானே இடத்தைத் தேடும். 1994-ல் ஸ்வீடனில் வரெந்தி, போர்ட்டர், வின்பெர்க் மூவரும் பிறந்த உடனே 30 பிள்ளைகளை இப்படி விட்டுப் பார்த்தார்கள். தாயின் ஒரு மார்பைக் கழுவி, மறு மார்பைக் கழுவாமல் விட்டிருந்தார்கள். 22 பிள்ளைகள் கழுவாத மார்பைத் தேடிப் போயின. வாசனை வழிகாட்டியது. சாய்ந்த உடம்பின் மேல் குப்புறக் கிடக்கும்போது பூமியின் ஈர்ப்பே நாக்கையும் தாடையையும் முன்னே கொண்டுவருகிறது. கட்டவிழ்ந்த நாக்குக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மேல் உதட்டைக் காம்பு தொடும்படி பிடித்து, பிள்ளை கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும்வரை பொறுத்து, அந்தக் கணத்தில் அணைத்துக்கொள்ளத் தாய்க்குச் சொல்லிக்கொடுப்பார் பாலூட்டல் ஆலோசகர். காம்பை மட்டும் கொடுக்காமல் சுற்றியுள்ள கருவளையத்திலும் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும். காம்பின் முனை கடின அண்ணமும் மெல்லண்ணமும் சேரும் இடத்துக்குச் சில மில்லிமீட்டர் தூரம் வரை போனால்தான் ஈறின் கடியிலிருந்து அது தப்பும்.

பிள்ளை பழகும்வரை பசியோடு விட முடியாதே. பாலைக் கையால் பீச்சி எடுத்துக் கொடுக்கலாம். புட்டியைத் தேடுவதற்கு முன் நம் பாட்டிமார் பெட்டியில் வைத்திருந்த பாலாடையை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம் இன்று இந்தியாவின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறைமாதப் பிள்ளைகளுக்குப் பால் புகட்டப் பயன்படுகிறது. சாய்த்து ஊற்றாமல், உதட்டோரம் வைத்து, பிள்ளை தானாக நக்கி எடுக்கும் வேகத்தில் கொடுக்க வேண்டும். நக்கும்போது நாக்கு முன்னே வருகிறது. அந்தப் பயிற்சியும் கூடவே நடந்துவிடுகிறது.

இனி மார்பின் பக்கம் வருவோம். பிள்ளை சப்பியதும் காம்பின் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பிட்யூட்டரி சுரப்பியின் பின்புறத்திலிருந்து ஆக்ஸிடோசின் ரத்தத்தில் கலக்கிறது. 1910-ல் ஆட், ஸ்காட் என்ற இருவர் பிட்யூட்டரிச் சாற்றைப் பால் கொடுக்கும் ஆட்டுக்குச் செலுத்தியபோது பால் பீறிட்டு வந்ததைக் கண்டார்கள். ஒன்பதே அமினோ அமிலம் கொண்ட அந்தச் சிறு மூலக்கூறை 1953-ல் ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டிய வின்சென்ட் து வின்யோவுக்கு 1955-ன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மூலக்கூறு பால்பைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருங்க வைத்துப் பாலை நாளங்களுக்குள் தள்ளுகிறது. பிள்ளையின் வெற்றிடம் அதை அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் தள்ளல், மறுபக்கம் இழுப்பு. இரண்டும் சந்தித்தால்தான் வயிறு நிறையும். வலிக்குப் பயந்து இறுகிய தாயிடம் ஆக்ஸிடோசின் தயங்குகிறது. வலி போனதும் அது தடையில்லாமல் வருகிறது. நாக்கு அவிழ்ந்ததும் பால் கூடியதாகத் தாய்மார் சொல்வதில் ஒரு பாதி இதுதான்.

மறுபாதி இன்னும் அழகு. மார்பு தான் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை எடுக்கப்பட்ட பாலைக் கொண்டு கணக்கிடுகிறது. பால் தேங்கினால் சுரப்பைக் குறைக்கிறது, வடிந்தால் கூட்டுகிறது. இடது மார்பு தனியாக, வலது மார்பு தனியாக இந்தக் கணக்கை வைத்துக்கொள்கின்றன. ஒட்டிய நாக்கு முழுதாக எடுக்காததால் சுரப்பு இறங்கியிருக்கும். பாட்டி ‘பால் பத்தலை’ என்று சொன்னது பார்வைக்குச் சரிதான், காரணம்தான் வேறு. இப்போது நாக்கு நன்றாக எடுக்கிறது, சில நாட்களில் மார்பு அதைப் புரிந்துகொண்டு ஏறுகிறது. பெர்த் ஆராய்ச்சியாளர்கள் ஒன்று முதல் ஆறு மாதம் வரையான பிள்ளைகளை எடை போட்டு அளந்ததில் ஒரு நாளுக்குச் சராசரி 788 கிராம் பால். குறைவாகக் குடித்தது 478, கூடுதலாகக் குடித்தது 1356. ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம், எல்லாம் நன்றாக வளர்ந்த பிள்ளைகள். தாய்க்குத் தாய், பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனியாக அளந்து வைத்த படி இது.

பிள்ளைக்குப் பால் கிடைக்குமா என்ற கவலை எவ்வளவு பழையது என்பதற்குத் திருக்கருகாவூர்க் கோயில் சாட்சி. அங்குள்ள அம்மன் கர்ப்பரட்சாம்பிகை கருவைக் காத்துப் பிள்ளையாக்கிக் கையில் கொடுத்த பிறகும் கதை முடியவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பால் வேண்டுமே என்று காமதேனு வந்ததாகவும், அதன் குளம்பு பட்டு உண்டானதே கோயிலின் பாற்குளம் என்றும் தலபுராணம் சொல்கிறது. கருவைக் காத்ததோடு கடமை முடிந்தது என்று அந்தப் புராணத்தைக் கட்டியவர்கள் நினைக்கவில்லை.

மறுபடி பெர்த்துக்குப் போவோம். 2008-ல் கெடிஸ் குழுவினர் நாக்கு ஒட்டியதால் சிரமப்பட்ட 24 தாய்-பிள்ளை சோடிகளை, வெட்டுவதற்கு முன்பும் பின்பும் அல்ட்ராசவுண்டில் பார்த்து எழுதினார்கள். வெட்டும் முன் அந்தப் பிள்ளைகள் இரண்டு வகையாகப் பிரிந்தன. ஒரு வகை காம்பின் நுனியை நாக்கால் நசுக்கியது, மறுவகை காம்பின் அடியை நெரித்தது. வெட்டிய பிறகு குடித்த பாலின் அளவு கூடிற்று, குடிக்கும் வேகம் கூடிற்று, தாயின் வலி குறைந்தது. நசுக்கலும் நெரித்தலும் மறைந்தன அல்லது தணிந்தன, ஒரே ஒரு பிள்ளையைத் தவிர. செல்சஸ் குறித்துவைத்த அந்த ஒருவரின் சொந்தக்காரர் போல இங்கேயும் ஒருவர்.

அந்த ஒருவரை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டியது 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. சரியான முறையில் நடந்த ஐந்து ஆய்வுகள், மொத்தம் 302 பிள்ளைகள். வெட்டினால் தாயின் காம்புவலி விரைவில் குறைகிறது என்பது உறுதிப்பட்டது. பால் குடிப்பதில் எல்லாருக்கும் சீரான முன்னேற்றம் வந்ததாகக் காட்ட முடியவில்லை. அதனால் நாக்கைத் தூக்கிப் பார்த்ததுமே கத்தரியைத் தேடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிடிக்கும் விதத்தை மாற்றிப் பார்த்து, எடையைக் கவனித்து, பிள்ளை குடிப்பதைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்த பிறகும் சிரமம் தீரவில்லை என்றால் வெட்டலாம். அப்போது அது நல்ல வழி.

மேல் உதட்டின் உள்பக்கம் ஈறோடு சேர்கிற மடிப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு ஈறின் விளிம்புவரை வருவதும் சகஜம். பல் முளைத்துத் தாடை வளர வளர அது தானே மேலேறிவிடுகிறது. பால் குடிக்க மேல் உதடு மெல்லப் படிந்து நின்றாலே போதும், வெளியே மடங்கி விரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதை அறுப்பதால் பால் குடிப்பது மேம்படும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லாதபோதும், நாக்கோடு சேர்த்து உதட்டையும் கன்னத்தையும் அறுத்துவிடும் வழக்கம் சில நாடுகளில் பரவியிருக்கிறது. நாவின் அடியில் இருந்த மடிப்புக்கே வேலை உண்டு என்று 2019 வரை நமக்குச் சரியாகத் தெரியவில்லை. உதட்டு மடிப்புக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ளும்வரை அதை அதன் பாட்டில் விட்டுவைக்கலாம்.

நாக்கு அவிழ்ந்து, பாடம் படிந்து, பிள்ளை நன்றாகக் குடித்து, கன்னத்தில் சதை வைத்த பிறகு, ஆறாம் மாதத்தில் நாக்கின் வேலை மறுபடி மாறுகிறது. வாய்க்குள் வந்த கெட்டிப் பொருளை வெளியே தள்ளிவிடும் பிறவிப் பழக்கம் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் மெல்ல மறைகிறது. மேலும் கீழும் மட்டுமே போய்வந்த நாக்கு இனிப் பக்கவாட்டில் போகவும், கூழை ஓரத்துக்கு ஒதுக்கவும், கடைசியில் கடைவாய்க்குத் தள்ளவும் கற்க வேண்டும். முதல் கரண்டிக் கேழ்வரகுக் கூழில் முக்கால்வாசி தாடையில்தான் வழியும், துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.